மின்விசிறியின் பிசுக்கு



நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குகிறோம், தரையை நாள்தோறும் பெருக்குகிறோம், வாசற்படியைக்கூடக் கழுவுகிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் நம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டு நமக்காகவே உழைக்கும் மின்விசிறியை ஏறெடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. சாப்பிட உட்கார்ந்திருக்கையில் இலையின் மீதோ தயிரின் மீதோ கருப்பாக ஏதோ ஒன்று விழுந்த பின்னர்தான் நம் பார்வை மேலே செல்கிறது. அப்பொழுதும், "இந்த ஞாயிற்றுக்கிழமை துடைத்துவிட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, இலையை மாற்றிக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்கிறோம்.

துடைப்பதற்கு எளிதாக இருந்த விசிறி ஒரு காலத்தில் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் கச்சேரிகளிலும் பெரிய பங்களாக்களிலும் விட்டத்திலிருந்து துணிப் பங்காவைத் தொங்கவிட்டு, ஓர் ஆள் வெளியே உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். பங்கா அழுக்கானால் துணியை அவிழ்த்துச் சலவைக்குப் போட்டுவிடலாம். 1880-களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர் தையல் இயந்திரத்துக்கென உருவாக்கிய மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு இறக்கைகளைப் பொருத்தினார். கல்கத்தாவில் 1899-இல் மின்சார விநியோகம் தொடங்கியபின், அந்த விசிறி நம் நாட்டிலும் மெல்ல மெல்லப் பங்காவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கயிறு இழுப்பவனின் துன்பம் தீர்ந்தது என்பது மகிழத்தக்கதே. ஆனால் அவிழ்த்து வெளுக்கும் வசதியும் அவனோடு போய்விட்டது.

சென்னையிலோ மதுரையிலோ விசிறிக்கு ஓய்வு என்பதே அநேகமாக இல்லை. மார்கழியிலும் ஓர் எண் வைத்து ஓடிக்கொண்டிருக்கும். டில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வேறொரு வழக்கத்தைக் காண்கின்றன. அங்கே தீபாவளி கழிந்து குளிர் தொடங்கியதும் விசிறியை நிறுத்தினால், ஹோலிப் பண்டிகை வரையில், ஏறக்குறைய நான்கு மாதங்கள், அது அசைவதேயில்லை. குளிருக்கு அஞ்சி ஜன்னல்களையும் அடைத்துவிடுகிறார்கள். தாளிக்கும் புகையும், வடையும் பூரியும் பொரித்த ஆவியும் வெளியே போக வழியின்றி அறைக்குள்ளேயே சுற்றி, அசையாமல் கிடக்கும் இறக்கைகளின் மேல் படிகின்றன. மார்ச்சு மாதத்தில் ஒருநாள் வெயில் உறைக்கிறது. யாரோ ஸ்விட்சைப் போடுகிறார்கள். நான்கு மாதத்துப் புழுதி ஒரே நிமிடத்தில் படுக்கையிலும் பாலிலும் வந்து விழுகிறது. விசிறி துடைக்கும் வேலைக்கு அந்நகரில் இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. பம்பாயில், சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் சால் வீடுகளில், நிலைமை இன்னும் கடுமையானது. அங்கே அடுப்புக்கும் விசிறிக்கும் இடையே ஐந்தாறு முழம்கூட இராது.

இந்தப் பிசுக்கு என்பது யாது? காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கும்போதும், ஈரமுள்ள காய் விழுந்து சடசடக்கும்போதும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய எண்ணெய்த் துளிகள் காற்றில் எழுகின்றன. சூடான காற்று மேல் நோக்கிச் செல்வது இயல்பாகையால் அவையும் மேலே செல்கின்றன. அங்கே குளிர்ந்த உலோகப் பரப்பு கிடைத்ததும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய எண்ணெய், காற்றில் வரும் தூசியையும் பஞ்சிழையையும் கரியையும் பற்றிக்கொள்கிறது. அதன்மேல் மறுபடி எண்ணெய், மறுபடி தூசி. இவ்வாறு அடுக்கடுக்காக ஏறுவதனால்தான் வெறும் தூசித் துணியால் தேய்த்தால் அது போவதில்லை. இழுபட்டு, இன்னும் கருமையாகப் பரவுகிறது.

இதில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. எல்லா எண்ணெயும் ஒரே வகையாகப் படிவதில்லை. தேங்காய் எண்ணெய் காற்றுப் பட்டாலும் எளிதில் மாறாது. எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கும். குளிரில் உறையும், வெயிலில் இளகும், அவ்வளவே. கடலை எண்ணெயும் கடுகெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் சற்றுக் கெட்டிப்படும். சூரியகாந்தி எண்ணெயும் சோயா எண்ணெயும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மெல்ல மெல்ல ஒருவகைப் பிசினாகவே ஆகிவிடுகின்றன. தச்சர்கள் மரத்தில் பூசும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து பளபளப்பான தோலாவது எவ்வாறோ, அவ்வாறே இதுவும். ஆகவே மூன்று மாதப் பிசுக்கு வேறு. மூன்று ஆண்டுப் பிசுக்கு வேறு. முன்னது எண்ணெய், சோப்பு நீருக்கு உடனே இணங்கும். பின்னது ஏறக்குறைய வார்னிஷ். அதைப் பலத்தால் வெல்ல முடியாது; ஊறவைத்துப் பொறுமையால்தான் வெல்ல வேண்டும். விசிறியை அடிக்கடி துடைப்பவருக்கு வேலை குறைவு என்று சொல்வதன் காரணம் இதுதான்.

"இவ்வளவு வேகமாகச் சுழலும் பொருளில் தூசி எப்படி நிற்கிறது?" என்று குழந்தைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. நான்கடி விட்டமுள்ள சாதாரண விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 380 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், அதன் இறக்கை நுனி மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. எனினும் இறக்கையின் பரப்பை ஒட்டியுள்ள மிக மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடு சேர்ந்தே நகர்கிறது. அந்தப் படலத்துக்குள் அடங்கிய தூசிக்குப் புயல் வீசுவதே தெரியாது. மேலும், காற்றைக் கிழித்துக்கொண்டு முன்செல்லும் விளிம்பில் தூசி வந்து மோதி ஒட்டுகிறது. உங்கள் வீட்டு விசிறியை நிறுத்திப் பாருங்கள். மூன்று இறக்கைகளிலும் ஒரே பக்கத்து விளிம்பில்தான் கரிய கோடு தடித்திருக்கும். அந்த 85 கிலோமீட்டர் என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

விசிறியைத் துடைக்க வேண்டும் என்றவுடன் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தச் சோப்புப் போட்டால் போகும்?" என்பதுதான். இந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது என்பது என் கருத்து. முதற் கேள்வி, மின்சாரம் உண்மையாகவே நின்றுவிட்டதா என்பது. இரண்டாவது, ஏறி நிற்பவர் எதன்மேல் நிற்கிறார் என்பது. இவ்விரண்டுக்கும் சரியான விடை கிடைக்காத வரையில் சோப்பைப் பற்றிப் பேசுவதே வீண். பிசுக்கினால் எவரும் உயிர் இழந்ததில்லை. அதைத் துடைக்கப்போய் உயிரையோ இடுப்பெலும்பையோ இழந்தவர்கள் உண்டு.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். விசிறி சுற்றவில்லை என்பதும் விசிறியில் மின்சாரம் இல்லை என்பதும் ஒன்றல்ல. வேகம் மாற்றும் ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும் கருவி. காப்புக்கான கருவி அன்று. சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்தால் போதும் என்பாரும் உண்டு. ஸ்விட்ச் என்பது மின்சாரம் வரும் கம்பியில் அமைய வேண்டும் என்பது விதி. பழைய வீடுகள் பலவற்றில், கம்பி இழுத்தவரின் அஜாக்கிரதையால், அது திரும்பிச் செல்லும் கம்பியில் அமைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் ஸ்விட்சை அணைத்தால் விசிறி நிற்கும். ஆனால் 230 வோல்ட் மின்சாரம் விசிறியின் உள்ளே வந்து காத்துக்கொண்டேயிருக்கும். ஈரத் துணியோடு ஒருவர் தொடுவதற்கு இதைவிடக் கொடிய இடம் வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியால் இயங்கும் விசிறிகள் பெருகிவிட்டன. சாதாரண விசிறி 75 வாட் அளவு மின்சாரம் உண்ணும் இடத்தில் இவை 30 வாட்டைச் சுற்றியே உண்கின்றன. அந்த வகையில் பாராட்டத்தக்கவையே. ஆயினும் கையிலுள்ள கருவியின் பொத்தானை அழுத்தி நிறுத்திய விசிறி, உறங்குகிறது என்றே கொள்ள வேண்டும். அதன் உள்ளே மின்சாரம் விழித்திருக்கிறது. குழந்தை ஒன்று விளையாட்டாக அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்.

இன்னொரு வழக்கத்தையும் கண்டிக்க வேண்டும். "இப்பொழுது கரண்ட் இல்லை, விசிறியும் ஓடாது, இந்த நேரத்தில் துடைத்துவிடலாம்" என்று மின்வெட்டு வேளையைப் பார்த்து ஏறுவது. போன மின்சாரம் எந்த நிமிடத்திலும் திரும்பி வரும். வருமுன் யாரிடமும் அனுமதி கேளாது.

ஆகையால் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுவது ஒன்றுதான் நம்பத்தக்க வழி. இங்கேயும் ஒரு கண்ணி உள்ளது. நம் நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் இன்று இன்வர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்த மறுகணமே, ஊரில் மின்வெட்டு ஏற்பட்டுவிட்டதாகவே அக்கருவி கொள்கிறது. உடனே தன் பாட்டரியிலிருந்து மின்சாரம் அனுப்பத் தொடங்குகிறது. எதற்கு அனுப்புகிறது? பெரும்பாலும் விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும்தான். அதாவது நாம் எதற்காக மெயினை அணைத்தோமோ, அதே விசிறிக்கு, வீட்டுக்குள்ளிருந்தே, அதே வலிமையுள்ள மின்சாரம் வந்து சேருகிறது. ஆகவே மெயினை அணைத்த பின்னர் இன்வர்ட்டரையும் அதன் சொந்த ஸ்விட்சால் நிறுத்துதல் வேண்டும். நிறுத்திய பிறகு விசிறியின் ஸ்விட்சை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சற்றும் அசையாதிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். டெஸ்டர் என்னும் சோதனைத் திருப்புளி வைத்திருப்பவர், மெயினை அணைக்கும் முன்பே அதை மின்சாரமுள்ள ஓர் இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்டுப்போன டெஸ்டர் எங்கு வைத்தாலும் எரியாது; அதை நம்பி ஏறுவது கண்ணை மூடிக்கொண்டு ஏறுவதற்குச் சமம்.

முற்காலத்து மின்சாரப் பணியாளர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார்கள். கட்டை தம் பையில் இருக்கும் வரையில் வேறொருவர் கரண்டைப் போட்டுவிட முடியாது அல்லவா? இன்று ஃபியூஸ் கட்டைகள் பெரும்பாலும் மறைந்து, தாமாக விழும் ஸ்விட்சுகள் வந்துவிட்டன. பையில் போட்டுக்கொள்ள எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டில் உள்ள அனைவரிடமும் சொல்லிவிட்டு, மெயின் பெட்டியின் கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வையுங்கள். "கரண்ட் ஏன் இல்லை?" என்று கேட்டுக்கொண்டே போய் மெயினைத் தட்டிவிடும் மனிதர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்.

மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவி, அதாவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஸ்விட்ச், உங்கள் வீட்டில் இருந்தால் மிக நன்று. இல்லாத வீட்டில் அதைப் பொருத்திக்கொள்வது விசிறிக்காக மட்டுமின்றி, குளியலறை வெந்நீர்க் கொதிகலனுக்காகவும் செய்ய வேண்டிய செலவு. ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் மெயினை அணைக்காமல் விடலாகாது.

அடுத்தது காலடி. நம் வீடுகளில் விசிறி துடைப்பவர் நிற்கும் இடத்தைச் சிறிது நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விசிறிக்கு நேர்கீழே கட்டில் கிடக்கும். கட்டிலை நகர்த்தச் சோம்பி, அதன் மெத்தையின் மேல் ஒரு ஸ்டூலை வைத்து, ஸ்டூலின் மேல் ஒருவர் நிற்கிறார். மெத்தை அமுங்குகிறது, ஸ்டூல் சாய்கிறது, நிற்பவரின் இரு கைகளும் மேலே இருக்கின்றன, பிடித்துக்கொள்ள விசிறியைத் தவிர வேறொன்றும் இல்லை. நிலை தடுமாறினால் அவர் பற்றுவதும் அந்த விசிறியைத்தான். ஒரு கொக்கியில் தொங்கும் நான்கைந்து கிலோ எடையுள்ள பொருள், ஒரு மனிதரின் எடையையும் தாங்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? சக்கரம் வைத்த நாற்காலியில் ஏறுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கட்டிலை நகர்த்துங்கள். நான்கு கால்களும் தரையில் அழுந்தி நிற்கும் மடக்கு ஏணியைக் கொண்டுவாருங்கள். சொந்தமாக இல்லாவிட்டால் குடியிருப்பில் யாரிடமாவது இருக்கும். ஓர் ஏணியை நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினாலும் குற்றமில்லை. ஏணியின் உச்சிப் படியிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது. எட்டாத இறக்கையை உடம்பை வளைத்துத் தொடுவதைவிட, இறக்கையைக் கையால் மெல்லச் சுற்றித் தம் பக்கம் கொண்டுவருவது சுலபம். அது சுற்றுவதற்காகவே செய்யப்பட்டது. கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டு நிற்பதைப் பிடிப்பதாகக் கருத இயலாது.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணாந்து பார்த்த நிலையில் கழுத்தைப் பின்னால் வளைத்துக் கொஞ்ச நேரம் நின்றால், பலருக்குத் தலை சுற்றும். காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பில் கோளாறு இருப்பவர்க்கும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்க்கும் இது எளிதில் நேரும். தரையில் நிற்கும்போது வரும் தலைசுற்றல் ஒரு சங்கடம். ஏணியின் நாலாம் படியில் வரும் தலைசுற்றல் ஒரு விபத்து. அறுபதைக் கடந்தவர்கள் கீழே நின்று ஏணியைப் பிடிப்பதோ, துணியை அலசிக் கொடுப்பதோ போதும்.

அவ்வாறாயின் மேலே ஏறுபவர் யார்? பல வீடுகளில் அந்த வேலை, பாத்திரம் துலக்க வருகிற பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. "பண்டிகை வருகிறது, விசிறியையும் கொஞ்சம் துடைத்துவிடு, அம்மா" என்கிறோம். அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறுகிறாள். நாம் உள்ளே போய்விடுகிறோம். மெயின் எங்கேயிருக்கிறது என்பதோ, இன்வர்ட்டரை எப்படி நிறுத்துவது என்பதோ அவளுக்குத் தெரிய நியாயமில்லை. கேட்கவும் அவள் கூச்சப்படுவாள். விழுந்து கையொடிந்தால் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாதவளும் அவளே. நம் பிள்ளைகளை ஏற்றத் துணியாத இடத்தில் பிறர் பெற்ற பெண்ணை ஏற்றுவது எந்த வகையிலும் சரியாகாது. அவள்தான் துடைக்க வேண்டுமென்றால், மெயினை அணைப்பதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கொடுப்பதும் மரியாதை.

இவ்வளவும் ஆனபின் சோப்பைப் பற்றிக் கேட்கலாம். அது சிறிய விஷயம்.

கீழே பழைய போர்வையையோ செய்தித்தாளையோ விரித்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு துண்டு, மூக்குக்கு ஒரு துணி, கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி. ஆஸ்த்மா உள்ளவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். முதலில் உலர்ந்த தூசியை எடுக்க வேண்டும். இதற்குப் பழைய தலையணை உறை ஒன்று போதும். இறக்கை அதற்குள் நுழையும்படி உறையைச் செருகி, மேலும் கீழும் துணியால் அழுத்திக்கொண்டு வெளியே இழுத்தால், தூசி முழுவதும் உறைக்குள்ளேயே தங்கிவிடும்; அறையில் பறக்காது. இப்படி இருபுறமும் சேர்த்துப் பிடிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. இறக்கையை மேலிருந்து மட்டும் அழுத்தித் தேய்த்தால் அது வளையும். வளைந்தால் அதன் சாய்வு மாறும். மூன்று இறக்கைகளில் ஒன்றின் சாய்வு மாறினாலும் விசிறி ஆடத் தொடங்கும். எந்நேரமும் ஒரு கை இறக்கைக்குக் கீழே தாங்கியிருப்பது நல்லது.

பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவச் சோப்புச் சிறிது கலந்து, துணியை நனைத்து, ஒரு சொட்டும் வடியாதபடி நன்றாகப் பிழிந்துகொண்டு துடைக்க வேண்டும். புதுப் பிசுக்கு இதிலேயே போய்விடும். போகாத பழம்பிசுக்குக்கு, அதே சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இறக்கையைச் சுற்றி வைத்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்; நீங்களும் கீழே இறங்கி இளைப்பாறுங்கள். ஊறியபின் சமையல் சோடாவைக் குழைத்துத் தொட்டுத் தேய்த்தால் இளகி வரும். எண்ணெய் முழுக்கின் போது தலையில் தேய்க்கும் அரப்பும், பட்டுத் துணிக்குப் போடும் பூந்திக்கொட்டையும் எண்ணெய்ப் பசையை எடுக்க வல்லவை. அவற்றின் நுரைதரும் பொருளும் சோப்பைப் போலவே வேலை செய்கிறது. இறக்கையின் பூச்சுக்கும் அவை கெடுதல் செய்யமாட்டா. ஆனால் திப்பி தங்கும். வடிகட்டிய நீரையே பயன்படுத்த வேண்டும். கடைசியில் வெறும் நீரில் அலசிப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. சோப்புப் பசை எஞ்சியிருந்தால் அதுவே அடுத்த தூசியை அழைத்துக்கொள்ளும்.

வேண்டாதவை சில உண்டு. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் பெரிதாகச் சாதிக்கலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நுரை பொங்குவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீரே. காஸ்டிக் சோடாவும் வீரியமான சலவைச் சோடாக் கரைசலும் பிசுக்கை அரிக்கும் என்பது உண்மை. கூடவே பெயிண்டையும், அதன் கீழுள்ள அலுமினியத்தையும், தேய்ப்பவரின் விரலையும் அரிக்கும். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தையும் வெளுக்கும் மருந்தையும் சேர்த்தால் நச்சு வாயு எழும். அவற்றுக்கு இந்த வேலையில் இடமே கிடையாது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பிசுக்கைச் சுலபமாகக் கரைக்கும் என்று பழைய தலைமுறையினர் சொல்வர். கரைக்கும்தான். அடைத்த அறையில் அவற்றின் ஆவி பரவியிருக்கையில் ஸ்விட்சிலிருந்து ஒரு பொறி தோன்றினால் என்னவாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் அடுப்பு எரிகிறது என்பதையும் மறக்கலாகாது.

தண்ணீரையோ மருந்தையோ மேல் நோக்கித் தெளிப்பது எக்காரணத்தாலும் கூடாது. விசிறியின் நடுவிலுள்ள பகுதியில்தான் மோட்டார் இருக்கிறது. அதன் உறையில் காற்றுக்கென விட்ட துளைகள் உண்டு. தெளித்த நீர் அவற்றின் வழியே உள்ளே இறங்கினால் சுருள் கம்பிகளை அடையும். அந்த நடுப்பகுதிக்கு உலர்ந்த தூரிகையும், கடைசியில் பிழிந்த துணியும் போதும். பேரிங்குக்கு எண்ணெய் விடுகிறேன் என்று தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்றைய விசிறிகளின் பேரிங்குகள் தமக்குள்ளேயே கிரீஸ் அடைத்து மூடப்பட்டவை. வெளியிலிருந்து ஊற்றும் எண்ணெய் அவற்றுள் போகாது, வழிந்து மீண்டும் பிசுக்காகும்.

இறக்கைகளைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து கழுவலாமா என்று கேட்பீர்கள். திருப்புளி பிடித்துப் பழகியவர் கழற்றலாம். ஆனால் மூன்று இறக்கைகளிலும் அவை பொருந்திய இடங்களிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பென்சிலால் குறித்துக்கொள்ளாமல் கழற்றாதீர்கள். தொழிற்சாலையில் எடை பார்த்து ஒரு தொகுதியாகச் சேர்த்தவை அவை. இரண்டு விசிறிகளின் இறக்கைகளை ஒரே வாளியில் போட்டுக் கழுவி, எது எதற்கு என்று தெரியாமல் மாட்டினால், இரண்டு விசிறிகளும் ஆடும்.

ஏணியில் நிற்கும்போதே இன்னொரு காரியத்தையும் பார்த்துவிடலாம்; ஆண்டில் ஒருமுறைதான் அவ்வளவு உயரத்துக்குப் போகிறோம். தொங்கு குழாயின் மேல் முனையை மூடியிருக்கும் கிண்ணத்தைச் சற்றுத் தளர்த்திக் கீழிறக்கினால், கொக்கியும் அதில் மாட்டிய ரப்பர் உருளையும், அதனூடே செல்லும் போல்ட்டும் தெரியும். அந்த போல்ட் கழன்று வராமலிருக்க, ஸ்பிளிட் பின் என்று மின்சாரப் பணியாளர் கூறும் பிளவுபட்ட சிறு கம்பி ஒன்று அதன் முனையில் செருகி விரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். குழாயின் கீழ் முனையிலும் அப்படியே ஒன்று. சில காசு பெறாத அந்தக் கம்பி இல்லாமற்போனால், விசிறியின் அதிர்வில் மரை நாளடைவில் சுழன்று சுழன்று கழன்றுவிடும். அதன் பின்னர் முழு விசிறியும், மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் தன் இறக்கைகளோடு, கட்டிலின் மேல் விழுவதைத் தடுக்க ஒன்றுமில்லை. கம்பி காணப்படவில்லை என்றாலோ, ரப்பர் வெடித்திருந்தாலோ, கொக்கி துருவேறி இளைத்திருந்தாலோ, அன்றே ஆளை வரவழையுங்கள். அதுவரை அந்த விசிறியைப் போடாதீர்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் கம்பிகளையும், மருந்துப் புட்டி போன்ற மின்தேக்கியையும் மெயின் அணைந்திருக்கும்போதும் தொட வேண்டாம். பார்ப்பது மட்டுமே நம் வேலை.

எல்லாம் முடிந்ததும் அரை மணி நேரம் உலரவிடுங்கள். ஏணியை அறைக்கு வெளியே கொண்டுபோன பின்னரே மெயினைப் போட வேண்டும். ஏணி நிற்கையில் விசிறியைப் போட்டு, இறக்கை அதில் மோதி வளைந்த வீடுகள் உண்டு. இன்வர்ட்டரையும் மறவாமல் இயக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த மின்வெட்டில் வீட்டார் அனைவரும் உங்களைத்தான் கேட்பார்கள். முதல் ஐந்து நிமிடம் விசிறியைக் குறைந்த வேகத்தில், கீழே எவரும் இல்லாமல் ஓடவிட்டு, வாசற்படியில் நின்று பாருங்கள். முன்பு இல்லாத ஆட்டம் தென்பட்டால் ஓர் இறக்கையின் திருகு தளர்ந்திருக்கலாம் அல்லது இறக்கை வளைந்திருக்கலாம். நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். கரகரவென்ற ஓசை வந்தால் அது பேரிங்கின் தேய்மானம். பிசுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பணியாளரைத்தான் கூப்பிட வேண்டும். ஓசையுமில்லை, ஆட்டமுமில்லை என்றால், நகர்த்திய கட்டிலை மறுபடி இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.